வேண்டாத பட்டம்

1961 மே 4 அன்று பிரிட்டனின் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் டோனி பென்னுக்கு 23,275 வாக்குகள் விழுந்தன. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231. உறுப்பினராகச் சபைக்குப் போனவர் செயின்ட் கிளேர்.

பென் செய்த குற்றம், தகப்பனைப் பறிகொடுத்தது. தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சர். பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்குப் பலம் சேர்க்க 1942இல் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் என்ற பரம்பரைப் பிரபு ஆக்கப்பட்டார். ஒப்புக்கொள்ளும் முன் மூத்த மகன் மைக்கேலிடம் கேட்டார். பாதிரியாராகப் போக நினைத்திருந்த மைக்கேலுக்கு மறுப்பில்லை. இளையவரை யாரும் கேட்கவில்லை. 1944இல் விமானப்படையில் இருந்த மைக்கேல் இறந்தார். 1960 நவம்பரில் தந்தையும் போக, பத்தாண்டுகள் மக்கள் சபையில் இருந்த பென் அன்றே பிரபுவானார். அப்போது பிரபுவுக்கு மக்கள் சபையில் இடமில்லை.

அது தெரிந்தேதான் பிரிஸ்டல் மக்கள் அவருக்கு வாக்களித்தார்கள். தெரிந்தே போட்டதால்தான் அந்த வாக்குகள் செல்லாது என்றது தேர்தல் நீதிமன்றம். இடத்தைப் பெற்ற செயின்ட் கிளேரும் ஒரு பிரபு பட்டத்துக்கு வாரிசு வரிசையில் நின்றவர் என்பது உபரி வேடிக்கை.

1963 ஜூலை 31 மாலை, பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டம் நடப்புக்கு வந்தது. 6.22க்கு முதல் ஆளாக பென் துறந்தார். செயின்ட் கிளேர் சொன்ன சொல் தவறாமல் விலக, ஆகஸ்ட் இடைத்தேர்தலில் வென்று பென் திரும்பினார். அக்டோபரில் கன்சர்வேட்டிவ் பிரதமரான 14ஆவது ஹோம் பிரபு அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தம் பட்டத்தைக் கழற்றிவைத்தார். இடதுசாரி ஒருவர் போராடி வாங்கிய உரிமையின் முதல் பெரிய பலன் அவர் எதிரணிக்குப் போனது.

சட்டத்தின் சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. துறப்பு, துறப்பவரின் ஆயுள்வரைதான். பட்டம் சாவதில்லை, காத்திருக்கிறது. முரண்டு பிடிப்பவரை மட்டும் மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டால், மிச்சமிருக்கும் ஏற்பாட்டுக்குத் தொந்தரவில்லை. பென் இதை அறியாதவரல்லர். 1991இல் மன்னராட்சியையும் பிரபுக்கள் சபையையும் ஒழிக்கும் மசோதாவையே கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அதிகாரத்தில் இருப்பவரிடம் அவர் கேட்கச் சொன்ன ஐந்து கேள்விகளில் கடைசி, உங்களை நாங்கள் எப்படி அகற்றுவது என்பது. பரம்பரைப் பிரபுவிடம் அதற்கு விடை இருந்ததில்லை.

1999இல் பரம்பரைப் பிரபுக்களின் இடங்கள் 92 ஆகக் குறைக்கப்பட்டன. 2014 மார்ச்சில் பென் இறந்ததும் பட்டம் மூத்த மகன் ஸ்டீபனிடம் வந்தது. 2021இல் அந்த 92இல் ஓரிடம் காலியாக, அவர் போட்டியின்றித் தேர்வானார். மகனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. சட்டம் அனுமதித்ததைச் செய்தார். தகப்பனுக்கு 23,275 பேரின் வாக்கு போதவில்லை. மகனுக்கு ஒரு வாக்குகூடத் தேவைப்படவில்லை.