ஒமேகாவுக்கு டிரான்ஸ்ஃபர்

அமெரிக்காவில் எனக்குக் கடைசி வரை புரியாத விஷயம், காலால் அதிகம் உதைக்காத ஒரு விளையாட்டுக்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் என்பது. அடுத்தது, பக்கத்து சீட் பெரியவருக்கு மொத்தம் எத்தனை அண்ணன் தம்பி என்பது.

2011-ல் ஆபீஸில் என்னை மேரிலாண்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எட்டு மாத புராஜெக்ட். பதினாலு மாதம் இழுத்தது, அது தனிக் கதை. பக்கத்துத் தடுப்பில் கணக்குப் பிரிவுப் பெரியவர். கறுப்பினத்தவர், அறுபத்து மூன்று வயது, ஆறடி இரண்டங்குலம். அவர் காபி மக் கறுப்பும் தங்கமும். கீசெயின் கறுப்பும் தங்கமும். கார் நம்பர் பிளேட்டைச் சுற்றியும் அதே!

ஒருநாள் பெட்ரோல் பங்க்கில் முன்பின் தெரியாத ஒரு ஆள் அந்த நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். விநோதமாக ஒரு கைகுலுக்கல். கட்டிப்பிடிப்பு.

"யார் ஸார்?"

"என் பிரதர்."

அடுத்த வாரம் ஹோட்டலில் ஒரு பிரதர். ஏர்போர்ட்டில் ஒரு பிரதர். மூன்றே வாரத்தில் ஒன்பது. இவர் அப்பாவிடம் திருதராஷ்டிரனே தோற்றான் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் விளக்கினார். ஃபிரெட்டர்னிட்டி. கல்லூரி மாணவர்கள் கூடி அமைக்கும் சங்கம். கிரேக்க எழுத்தில் பெயர், ரகசியக் கைகுலுக்கல், சத்தியப் பிரமாணம். ஒருமுறை சேர்ந்தால் சாகும்வரை மெம்பர். முதலாவதான ஃபை பீட்டா கப்பா 1776 டிசம்பரில், அதாவது அவர்கள் சுதந்திரப் பிரகடனம் எழுதி ஐந்தே மாதத்தில், வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஆரம்பமாகியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஃபிரெட்டர்னிட்டி எல்லாம் இங்கிலீஷ் படத்தில் பார்த்ததுதான். பீப்பாய் பீப்பாயாக பீர், அரைநிர்வாணக் கூத்து. சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது வேற, எங்களுது வேற" என்றார்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் அப்போது கறுப்பு மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1905-ல் லீவு முடிந்து கல்லூரி திறந்தபோது அதில் ஆறு பேர் திரும்பி வரவே இல்லை. தங்க நல்ல இடம் கிடையாது, கூட உட்கார்ந்து படிக்க ஆள் கிடையாது. வெள்ளைக்கார மாணவர் சங்கங்கள் கதவைச் சாத்திவிட்டன. மிச்சம் இருந்தவர்கள், இப்படியே போனால் நாமும் காணாமல் போவோம் என்று சேர்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். 1906 டிசம்பர் 4-ல் ஏழு பேர் சேர்ந்து அதை ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்று சங்கமாக்கினார்கள். ஆக, பீர் குடிக்க ஆரம்பித்த சங்கம் இல்லை ஸார், பாஸ் பண்ண ஆரம்பித்த சங்கம். மார்ட்டின் லூதர் கிங் 1952-ல் பாஸ்டனில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும்போது இதில்தான் சேர்ந்தார்.

எல்லாமே தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஃபிரெட்டர்னிட்டிகளில் 'ஹேசிங்' என்று ஒன்று உண்டு. நம்ம ராகிங்குக்கு ஒன்றுவிட்ட அண்ணன். 2017-ல் பென்சில்வேனியாவில் ஒரு சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையனைக் குடிக்க வைத்தார்கள். மாடிப்படியில் விழுந்தான். மறுநாள் காலை வரை அத்தனை 'பிரதர்'களில் ஒருத்தர்கூட ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. பையன் போய்விட்டான். தமிழ்நாட்டில் நாம் 1997-லேயே ராகிங்குக்குத் தடைச் சட்டம் போட்டோம். கல்லூரிகள் ஹேசிங் சம்பவங்களை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்று அமெரிக்கா முழுமைக்கும் சட்டம் வர 2024 டிசம்பர் ஆயிற்று.

பெரியவருக்கு அந்த வருஷம் பரபரப்பான வருஷம். வாஷிங்டனில் கிங்குக்கு நினைவுச் சின்னம் வைக்க வேண்டும் என்று 1984-ல் பேச்சை ஆரம்பித்ததே மேரிலாண்டில் இருந்த சில ஆல்ஃபாக்கள்தான். பார்லிமெண்ட் அனுமதி 1996-ல் கிடைத்தது. அப்புறம் வசூல். மொத்தச் செலவு 12 கோடி டாலர். பெரிய கம்பெனிகள் கொடுத்தன. இவரும் மாதம் இருபது டாலர் கொடுத்தார். 2011 ஆகஸ்ட் 28-ல் திறப்பு விழா என்று கறுப்பு சூட்டை இஸ்திரி போட்டு மாட்டி வைத்தார். 23-ம் தேதி பூகம்பம் வந்து ஆபீஸே குலுங்கி எல்லோரும் ரோட்டுக்கு ஓடினோம். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐரீன் புயல். விழா தள்ளிப்போச்சு.

"இருபத்தேழு வருஷம் காத்திருந்தோம். இன்னும் ரெண்டு மாசம் முடியாதா?" என்றார். அக்டோபர் 16-ல் விழா நடந்தது. மறுவாரம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். முப்பதடி உயரம். தான் செதுக்கின மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

நவம்பரில் ஒருநாள் லீவு கேட்டார். "பிரதர் இறந்துட்டான்." சாவு ரிச்மண்டில், ரெண்டு மணி நேர டிரைவ். அவருக்குக் கண்ணில் புரை, ராத்திரி ஓட்ட முடியாது. நான் ஓட்டினேன்.

அங்கே முப்பது பேர், எல்லோரும் கறுப்பு சூட். ஒரு கிழவர் ஒஹையோவிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில், கையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வந்திருந்தார். சவப்பெட்டியைச் சுற்றி நின்று அவர்களுக்கென்று ஒரு சடங்கு நடத்தினார்கள். வெளியாள் நான், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சங்கத்தின் கிளைகளுக்கெல்லாம் கிரேக்க எழுத்தில்தான் பெயர். கடைசி எழுத்தான ஒமேகாவை மட்டும் உயிரோடு இருப்பவர்களுக்கு வைப்பதில்லை. ஒரு மெம்பர் செத்தால் ஒமேகா கிளைக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். நம்ம ஆபீஸ் பாஷையில், டிரான்ஸ்ஃபர்.

திரும்பும்போது காரில் பேச்சு வந்தது. செத்துப்போனவரோடு பெரியவருக்குப் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம்! எண்ணூறு டாலர் கடன் விவகாரம்.

"அப்புறம் ஏன் ஸார் இவ்வளவு தூரம்?"

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நான் செத்திருந்தா அவன் வந்திருப்பான். வந்து, சாப்பாடு சரியில்லைன்னு சொல்லிட்டுப் போயிருப்பான்."

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் இனி வருவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

திருச்சியில் ஹாஸ்டல் வாழ்க்கை எனக்கு மூன்று வருஷம். என் ரூம்மேட்டை 'குண்டு' என்று கூப்பிடுவோம். ஆள் ஒல்லி. என் முதல் இன்டர்வியூவுக்குத் தன் ஒரே நல்ல சட்டையைக் கழற்றிக் கொடுத்தவன். நீலக் கோடு போட்ட சட்டை. வேலை கிடைத்தது. அப்புறம் கல்யாணம், லோன், பிள்ளைகள். பொங்கலுக்கு வாழ்த்து என்கிற அளவில் நின்றது.

2019 மார்ச் 28. வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி. குண்டுவுக்கு ஹார்ட் அட்டாக், வீடு பல்லாவரம். நான் இருப்பது நங்கநல்லூர். பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன். வருஷக் கணக்கு முடிக்கிற வாரம், மேனேஜர் தலைமேல் நின்றார். போகலாம், சாயங்காலம் போகலாம் என்று இருந்தேன். நாலு மணிக்கே எடுத்துவிட்டார்கள். குரூப்பில் நாற்பத்து மூன்று பேர். நாற்பது கும்பிடுகள் வந்திருந்தன. நாற்பத்தோராவது என்னுடையது. நேரில் போனது இரண்டு பேர்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். என்ன வாங்கிப் போவது என்று தெரியாமல் ஒரு டஜன் வாழைப்பழம். அவன் மனைவி கதவைத் திறந்தார். கல்யாணத்தன்று பார்த்தது. யாரென்று தெரியவில்லை அவருக்கு. பெயரைச் சொன்னேன், ஹாஸ்டல் என்றேன், ரூம் நம்பரைச் சொன்னேன்.

சட்டென்று முகம் மாறியது. "அட, அந்த நீலச் சட்டை நீங்கதானா?"

தலையாட்டினேன்.

"திருப்பித் தரவே இல்லையாமே! டி.வி.யில யாராவது நீலக் கோடு போட்ட சட்டையில வந்தாப் போதும், 'பாரு, நம்ம சட்டை போகுது'ம்பார்" என்று சிரிக்க ஆரம்பித்தவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உட்காருங்கண்ணா. காபி போடறேன்."