கலியின் மேல் போட்ட பழி

மாட்டுங்காவில் காலை பூஜைக்கு உட்காருகிறவர்கள் சங்கல்பத்தில் ஒரு விலாசம் சொல்கிறார்கள். எந்தத் தபால்காரராலும் கண்டுபிடிக்க முடியாத விலாசம். பிரம்மாவின் ஆயுளில் இரண்டாவது பாதி, சுவேத வராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், அதில் 28-வது கலியுகம், அந்தக் கலியிலும் முதல் பாதம். இவ்வளவும் ஆன பிறகுதான் பாரத வர்ஷம் வருகிறது. வருஷம், மாதம், திதி, நட்சத்திரம் வருகின்றன. லோக்கல் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இந்தச் சொற்கள் வேகமாக ஓடிவிடும். ஆனாலும் பின்னால் இருக்கும் எண்ணம் சின்னதல்ல. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு நடுவில் தான் எங்கே நிற்கிறோம் என்று தினமும் ஒரு தடவை சொல்லிக்கொண்டு, அதன் பிறகு கையிலெடுத்த காரியத்தைத் தொடங்குவது.

பூஜை முடிந்து வாசலுக்கு வந்ததும் அதே கலிக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. "கலி முத்திப்போச்சு." பிள்ளை பணம் அனுப்பாவிட்டாலும் கலி, குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் கலி, தெருவில் கத்திக்குத்து விழுந்தாலும் கலி. செம்பூரிலும் தாராவியிலும்கூட இதே பேச்சுதான். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் இது கணக்குக்கு ஒத்துவரவில்லை. கி.மு. 3102ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கலியுகத்துக்கு ஆயுள் 4,32,000 வருஷம். கழிந்திருப்பது 5,100 சொச்சம். நூற்றில் ஒன்றேகால் பங்குகூட ஆகவில்லை. கலி இன்னும் தொட்டிலில்தான் கிடக்கிறது. தொட்டிலிலேயே இப்படியென்றால் நடக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று பயப்படலாம். காலமே கோணல், நாம் என்ன செய்ய முடியும் என்று கையைக் கழுவிவிடவும் செய்யலாம். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

இந்தக் கணக்கே தப்பு என்று சொன்ன யோகி ஒருவர் உண்டு. வங்காளத்தின் ஸ்ரீராம்பூரைச் சேர்ந்த சுவாமி ஸ்ரீ யுக்தேஸ்வர் கிரி (1855-1936). லாஹிரி மகாசயரின் சீடர்; 'ஒரு யோகியின் சுயசரிதம்' எழுதிய பரமஹம்ச யோகானந்தரின் குரு. சோதிடம் அறிந்தவர். 1894ல் எழுதிய 'கைவல்ய தரிசனம்' என்ற சிறு நூலின் முன்னுரையில் யுகக் கணக்கைப் பிரித்துப் போட்டு மறுபடி கூட்டினார். மனு நூல் நான்கு யுகங்களுக்கும் சேர்த்து 12,000 வருஷம் என்கிறது. அவற்றைத் தேவ வருஷங்களாகக் கொண்டு 360ஆல் பெருக்கியதால்தான் 43,20,000 என்ற பிரம்மாண்டமான எண் வந்தது. அந்தப் பெருக்கல் பின்னால் வந்தவர்கள் செய்த பிழை என்பது அவர் வாதம். பிழை நேர்ந்ததற்கு ஒரு கதையும் சொல்கிறார். துவாபர யுகம் முடியும் தறுவாயில், கெட்ட காலம் வருவது தெரிந்து, யுதிஷ்டிரர் பேரன் பரீட்சித்துக்குப் பட்டம் கட்டிவிட்டு இமயமலைக்குப் போனார். கணக்குத் தெரிந்த பண்டிதர்களும் கூடவே போய்விட்டார்கள். கலி பிறந்துவிட்டது என்று சொல்ல அரண்மனையில் ஆளில்லாததால் பழைய எண்ணையே கூட்டிக்கொண்டு போனார்கள். கணக்கப்பிள்ளை ஊரைவிட்டுப் போனால் பேரேடு என்ன ஆகும் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

யுக்தேஸ்வரின் கணக்கில் கலிக்கு 1,200 வருஷம், துவாபரத்துக்கு 2,400, திரேதாவுக்கு 3,600, கிருதத்துக்கு 4,800. யுகங்கள் இறங்கி வந்து, பிறகு தலைகீழ் வரிசையில் ஏறும். ஒரு முழுச் சுற்று 24,000 வருஷம். மனித அறிவின் அடிமட்டம் கி.பி. 499. ஏறுமுகக் கலி 1699ல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு உலகம் துவாபரத்தில் இருக்கிறது. மின்சாரமும் தந்தியும் வந்ததெல்லாம் அதற்கு அவர் கண்ட அடையாளங்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஒரு துறவி, இருட்டு நமக்கு முன்னால் இல்லை, பின்னால் போய்விட்டது என்று கணக்குப் போட்டுக் காட்டியது சாதாரண விஷயமில்லை.

ஆனால் கணக்கு நிற்கவில்லை. சூரியன் இன்னொரு நட்சத்திரத்தோடு ஜோடி சேர்ந்து சுற்றுகிறது என்பது அவருடைய அடிப்படை. அப்படி ஒரு ஜோடி நட்சத்திரம் இதுவரை அகப்படவில்லை. அயன சலனம் வருஷத்துக்கு 54 விகலை என்று வைத்தால்தான் 24,000 வரும். அளந்து பார்த்தால் 50 விகலைக்குச் சற்றே அதிகம். சுற்று முடிய ஏறக்குறைய 25,800 வருஷம் ஆகிறது. அதைவிடச் சங்கடமானது சரித்திரம். அறிவு அடிமட்டத்தைத் தொட்டதாக அவர் சொல்லும் அதே 499ல்தான் 23 வயது ஆரியபட்டர் 'ஆரியபட்டீயம்' எழுதினார். கலியில் 3,600 வருஷம் கழிந்துவிட்டது என்று தன் வயதைக் குறிப்பதற்காக எழுதிவைத்தவரும் அவரே. யுகங்கள் நான்கும் சம நீளம் என்பது அவருடைய கட்சி! தமிழனுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. கி.மு. 700 முதல் கி.பி. 500 வரை இறங்குமுகக் கலி என்றால் புத்தரும் சங்கப் புலவர்களும் இருட்டில் உட்கார்ந்து பேசியவர்களாகிவிடுகிறார்கள்.

யுக்தேஸ்வருக்கு அரை நூற்றாண்டு முன்பே, தமிழின் தென்கோடியில், யுகத்தை இன்னொரு விதமாகப் பார்த்தவர் அய்யா வைகுண்டர் (1809-1851). தாராவித் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அதற்குப் பக்கத்தில், அன்று திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்த சாமித்தோப்பில் ஆறு வருஷம் தவம் இருந்தார் அவர். முதல் இரண்டு வருஷம் குழிக்குள், அடுத்த இரண்டு வருஷம் தரையில், கடைசி இரண்டு வருஷம் மேடை மேல் என்பது அய்யாவழியினரின் மரபு. சீடர் அரி கோபாலன் 1841ல் எழுதிய 'அகிலத்திரட்டு அம்மானை'யில் யுகங்கள் எட்டு. குறோணி என்ற அசுரனை ஆறு துண்டாக வெட்ட, ஒவ்வொரு துண்டும் ஒரு யுகத்தில் பிறக்கிறது. ஒன்றில் இராவணன், ஒன்றில் துரியோதனன், கடைசியில் கலியன். அதன் பின் தரும யுகம்.

இதில் கவனிக்க வேண்டியது, தீமைக்கு முகமும் முகவரியும் இருக்கிறது என்பது. கலிநீசன் என்றால் திருவிதாங்கூர் அரசன். வெண்ணீசன் என்றால் வெள்ளைக்காரன். தலைவரி கட்டியவர்களுக்கு, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களுக்கு, கலி என்பது தத்துவமாக இருந்திருக்க முடியாது. வைகுண்டரைச் சிறையில் வைத்தது சுவாதித் திருநாளின் அரசு. கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஷண்முகானந்தா சபையில் அவருடைய கீர்த்தனைகளைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கலாம். ஒரு சாராருக்குச் சங்கீத மகாராஜா. இன்னொரு சாராருக்குக் கலி.

ஆனால் வைகுண்டர் அரசனைக் காட்டியதோடு நிற்கவில்லை. கலி மாயையாக மனசுக்குள்ளும் குடியிருக்கிறது என்றார். யுகம் மாறும்வரை காத்திருங்கள் என்றும் சொல்லவில்லை. ஆண்கள் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து வழிபட வேண்டும், எல்லோரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டும், சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அய்யாவழிப் பதிகளில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி இருக்கிறது.

அடுத்து, கிரகங்கள். கலிக்கு அடுத்தபடியாக அதிகப் பழி சுமப்பது சனி. மும்பைத் தமிழர்கள் வாக்கியப் பஞ்சாங்கமும் வாங்குகிறார்கள், திருக்கணிதப் பஞ்சாங்கமும் வாங்குகிறார்கள். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17ல். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே பெயர்ச்சி 2023 டிசம்பர் 20ல் நடந்தது. ஆக 11 மாதம், வாங்கிய பஞ்சாங்கத்தைப் பொறுத்து, ஒரே மனிதருக்கு ஏழரைச் சனி பிடித்தும் இருந்தது, பிடிக்காமலும் இருந்தது. வானத்தில் இருக்கும் சனிக்கு இந்தத் தகராறு தெரிய நியாயமில்லை.

1962 பிப்ரவரியில் சூரியன், சந்திரன் உட்பட ஏழு கிரகங்களும் கேதுவும் மகரத்தில் கூடின. அஷ்டகிரகக் கூட்டம் என்று நாடே நடுங்கிற்று, யாகங்கள் நடந்தன. பிரதமர் நேரு சிரித்தார். உலகம் அழியவில்லை. அந்த அக்டோபரில் வந்த சீனப் போரை இந்தக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. சோதிடத்தைச் சட்டம் போட்டு நிறுத்த முடியுமா என்ற கேள்வி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கும் போயிற்று. ஜனஹித் மஞ்ச் என்ற அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கு அது. பல்கலைக்கழகங்களில் சோதிடப் படிப்பை அனுமதித்த 2004 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, 2011 பிப்ரவரியில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நீதிமன்றம் தீர்க்கிற விஷயமில்லை இது.

யோகிகள் என்ன சொல்கிறார்கள்? யோகானந்தரின் புத்தகத்தில் இதற்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. கிரகங்களின் தாக்கம் உண்மை, ஆனால் அது பழைய வினையைக் காட்டும் கடிகாரம், தீர்ப்பு எழுதும் நீதிபதி ஆகாது என்பது அதன் சாரம். மூன்று கல்யாணம் ஆகும் என்று கணித்திருந்த தன் ஜாதகத்தை யோகானந்தர் நெருப்பில் போட்டார். வறுத்த விதை முளைக்காது என்பது யோக நூல்களில் உள்ள பழைய உவமை. அதைத்தான் அவரும் பிடித்துக்கொண்டார். அதே அத்தியாயத்தில் குரு சொன்னபடி வெள்ளியும் ஈயமும் சேர்ந்த காப்பும் அணிகிறார். ஜாதகத்தைக் கொளுத்தியவர் காப்பு எதற்குப் போட வேண்டும்? இந்த முரண்பாட்டை அவருடைய பக்தர்கள் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

இந்த விஷயத்தில் ஞானசம்பந்தர் தெளிவானவர். மதுரைக்குப் புறப்படும்போது, நாளும் கோளும் சரியில்லை, போகாதே என்று வேதாரண்யத்தில் அப்பர் தடுத்தார். அப்பரின் பயம் நியாயமானது, சமணர்களிடம் அடிபட்டவர். சம்பந்தர் கோளறு பதிகம் பாடிவிட்டுக் கிளம்பினார். அடியாருக்கு எல்லாக் கோளும் நல்ல கோள்தான் என்பதற்கு மேல் அதில் பரிகாரம் எதுவும் கிடையாது. இன்று அந்தப் பதிகத்தையே இத்தனை நாள் இத்தனை தடவை படித்தால் சனி விலகும் என்று பரிகாரப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பூட்டை உடைத்தவரையே பூட்டுக் கடையில் வேலைக்கு வைத்தது போல.

தீமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதஞ்சலியின் பதில் சுருக்கமானது. சாத்தான் என்று யாருமில்லை. அறியாமை, நான் என்ற எண்ணம், விருப்பு, வெறுப்பு, உயிர்ப் பிடிப்பு ஆகிய ஐந்து கிலேசங்கள்தான் வினைக்கு வேர். வந்துவிட்ட துன்பத்தை அனுபவித்துத்தான் ஆக வேண்டும், வரப்போவதைத் தடுக்கலாம். இந்த இரண்டாவது பாதிதான் யோகத்துக்கே காரணம். எல்லாம் விதி என்றால் உட்கார்ந்து மூச்சை அடக்குவதற்கு அவசியமே இல்லை.

ஆனால் இந்தப் பதில் ஒருவர் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொள்ளும்போதுதான் மருந்து. பக்கத்து வீடு எரியும்போது 'அவர்கள் கர்மா' என்று சொன்னால் அதுவே விஷம். தீயவர்களிடம் உபேட்சை கொள் என்று பதஞ்சலி சொன்னதைப் பலர் பாராமுகம் என்று புரிந்துகொள்கிறார்கள். அதே இடத்தில் துன்பப்படுகிறவர்களிடம் கருணை கொள் என்றும் இருக்கிறது. அடித்தவனை வெறுத்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதே என்பதற்கும், அடிபட்டவனைத் தாண்டிப் போ என்பதற்கும் ரொம்ப தூரம்.

தாராவிக்கு இந்த தூரம் 1992ல் தெரிந்தது. பாபர் மசூதி இடிந்த டிசம்பர் 6 அன்றே அங்கே சிவசேனாக்காரர்கள் சைக்கிள் ஊர்வலம் விட்டார்கள். காலா கில்லாவில் கூட்டம் போட்டு ஆத்திரமூட்டும்படி பேசினார்கள். ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் இதைப் பதிவு செய்திருக்கிறது. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் மும்பையில் செத்தவர்கள் 900 பேர்: 575 முஸ்லிம்கள், 275 இந்துக்கள், மற்றவர்கள் 50 பேர். 1998ல் வந்த கமிஷன் அறிக்கையில் கலியும் இல்லை, சனியும் இல்லை. யார் பேசினார்கள், யார் வதந்தி பரப்பினார்கள், எந்த போலீஸ் அதிகாரி என்ன செய்யத் தவறினார் என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. பெயர் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெறவில்லை என்பது வேறு.

கலவரம் ஓய்ந்த பிறகு தாராவியில் பாவு கோர்டே, வக்கார் கான் என்ற இரண்டு நண்பர்கள் மொஹல்லா கமிட்டி வேலையில் இறங்கினார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். சந்து சந்தாகப் போய் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள். வெவ்வேறு மதத்து உடையில் சிறுவர்கள் சேர்ந்து நிற்கும் சுவரொட்டி ஒன்றை வக்கார் கான் தயாரித்தார். நாம் எல்லோரும் ஒன்று என்பது அதிலிருந்த வாசகம். செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அஞ்சலி மோன்டெரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003ல் இவர்களைப் பற்றி ஒரு ஆவணப் படம் எடுத்தார்கள். பெயர் 'நாத்தா'. உறவு என்று அர்த்தம்.