ஈரலில் புற்றென்றால் குடியா?

போன கிழமை நீர்வேலியில் எங்கள் மாமியின் எட்டுச்செலவு. பந்தியில் பக்கத்தில் இருந்த ஒருவர் கேட்டார்: "மனுசி ஈரல் புற்றிலை செத்ததெண்டால், ஒளிச்சுக் குடிச்சவவோ?" யாரும் அவரை அடக்கவில்லை. சிலர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமி அரசகேசரிப் பிள்ளையாருக்கு விரதம் தவறாதவர். மச்சம் தொடாதவர். கள்ளு மணத்தாலேயே சத்தியெடுப்பவர். அவருக்கு இருந்தது சீனி வருத்தம். சீனியும் உடற்பருமனும் ஈரலில் கொழுப்பை ஏற்றும். வருசக்கணக்கில் அது தழும்பாகி ஈரல் சுருங்கும். அந்தத் தழும்பில்தான் பெரும்பாலும் புற்று முளைக்கும். ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயதினரை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவில், குடியால் வராத கொழுப்பீரல் 32.6 வீதம். இத்தனை பேரும் ஒளித்துக் குடித்தவர்களா? மஞ்சள்காமாலைக் கிருமிகளான பி, சி இரண்டும் புற்றுக்கு வழிவிடும். அவை யாரிடமும் போத்தல் கேட்டு வருவதில்லை.

குடி ஈரலைக் கெடுக்கும், யார் மறுத்தார்? ஆனால் "குடிக்கிறீங்களோ?" என்ற ஒரே கேள்வியோடு மாமியை வீட்டுக்கு அனுப்பினார் ஒரு வைத்தியர். கண் மஞ்சளானபோது அயலவர் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஸ்கான் எடுத்தபோது கட்டி நாளத்துக்குள் இறங்கிவிட்டது.

கட்டி சிறிதாய் இருக்கும்போது வழிகள் பல. வெட்டி எடுக்கலாம், நல்ல ஈரல் திரும்ப வளரும். ஊசி செலுத்திச் சூட்டால் கருக்கலாம். கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியை மருந்தோடு அடைக்கலாம். ஒரு கட்டி 5 சென்றிமீற்றருக்குள், அல்லது மூன்று கட்டிகள் வரை, ஒவ்வொன்றும் 3 சென்றிமீற்றருக்குள் என்றால் மாற்றீரல் பொருத்தலாம். 1996இல் மிலானில் வகுத்த அளவு இது. பிந்தினால் பெரும்பாலும் மாத்திரையும் நோயெதிர்ப்பு ஊசியும்தான். குடிக்காத மாமிக்கு இதில் எதுவும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பக் காசு சேர்க்கவென்று 2011இல் பலர் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தார்கள். நாங்களோ நோயாளியின் படலையில் நின்று பாவக்கணக்குப் பார்க்கிறோம். அதற்குப் பயந்து பிள்ளைகள் வருத்தத்தின் பெயரையே மறைக்கிறார்கள். குடித்தவனுக்கு வந்தால்மட்டும் என்ன? அவனும் வெட்கத்தில் ஒளிந்து, பிந்தித்தான் வைத்தியரிடம் போகிறான்.

அந்தப் பந்தியில் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டவர்களில் பாதிப்பேர் சீனி வருத்தக்காரர். ஈரல் தழும்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை அடுத்த கிளினிக்கில் வாய்விட்டுக் கேளுங்கள். ஈரல் சுருங்கியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஸ்கான் எடுங்கள். குடிக்கிறீங்களோ என்று கேட்டு அனுப்பினால், எழும்பாமல் இருந்து இன்னொருக்காக் கேளுங்கள்.