சாவி யார் பெயரில்?

புக்கிட் லாருட் மலையடிவாரத்தில் இருப்பதால் தைப்பிங் வட்டாரத்துக்கு ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அதில் பக்கத்திலிருக்கும் கமுந்திங்குக்கும் பங்குண்டு, இடியோடு சேர்த்து. பிற்பகலில் வானம் கறுத்தால் தொலைக்காட்சிப் பிளக்கைப் பிடுங்கிவிடுவது இங்கே பல வீடுகளில் பழகிப்போன காரியம். மடிக்கணினிக்கு மட்டும் அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. சார்ஜரோடு செருகியபடியே கிடக்கும். மறுநாள் பித்தானை அழுத்தினால் அசைவே இருக்காது. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, “மதர்போர்டு போயிருச்சு, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு” என்பார்.

பத்தாண்டுகளுக்கு முன்பென்றால் இது நல்ல செய்தி. போர்டை மாற்றுவார்கள், கட்டுப்படியாகாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, கல்யாணப் படங்களையும் பிள்ளைகளின் பாடங்களையும் எடுத்துத் தருவார்கள். இப்போது போர்டை மாற்றியதும் ஒரு நீலத் திரை எழும்புகிறது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கங்கள் வேண்டுமென்கிறது. வீட்டில் யாரும் அப்படியோர் எண்ணைக் கண்டதில்லை.

நடந்தது இதுதான். இன்றைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சாவியைக் காப்பது டிபிஎம் எனும் பாதுகாப்புக் கூறு. அது இருப்பதோ மதர்போர்டில். போர்டு கருகினால் சாவியும் போயிற்று. மிச்சமிருப்பது அந்த 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றுதான். முதல் நாள் கணினியை அமைத்தபோது யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தார்களோ, பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் அது போய் உட்கார்ந்திருக்கும். 2024 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவும்போது இந்தப் பூட்டு தானாக விழுவது வீட்டுக் கணினிகளிலும் பரவலாகிவிட்டது. பூட்டு விழுந்ததைப் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

ஆகவே, கணினி கிளம்பவில்லை என்றால் மின்சாரத்தையும் நினைவகத்தையும் பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. அந்தக் கணக்கு யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் இதற்கு வரும் பதில்கள் சங்கடமானவை. ‘கடைக்காரர்தான் ஏதோ இமெயில் போட்டுத் திறந்து கொடுத்தார்.’ ‘பெரியவன் பேரில் இருக்கு; அவன் ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.’ ‘அம்மாவின் பழைய நம்பர், டாப் அப் செய்யாமல் விட்டதில் லைன் செத்துப்போச்சு.’ கடைசிப் பதில்தான் மோசமானது. கடவுச்சொல்லை மறந்தவருக்கு மீட்புக் குறியீடு அந்தச் செத்த எண்ணுக்குத்தான் போகும். அதே எண்ணைத் தொலைபேசி நிறுவனம் பிறகு வேறு யாருக்காவது கொடுத்தும் விடலாம்.

கடவுச்சொல் ஏன் மறக்கிறது? தினமும் தட்டுவது நான்கு இலக்கப் பின் எண்ணைத்தானே. அது அந்த ஒரு கணினியோடு கட்டுப்பட்டது. போர்டு மாறினால் செல்லாது. கணக்கின் உண்மையான கடவுச்சொல்லை வாங்கிய அன்று ஒருமுறை தட்டியதோடு சரி. பாமரர் பிழையென்று இதைச் சொல்வது அநியாயம். மறப்பதற்கு வசதியாக அமைத்துவிட்டு, பேரிடர் நேரத்தில் நினைவிருக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. ஏர் ஆசியா பயணிகள் நம் விமான நிலையங்களில் நீண்ட வரிசையில் நின்றார்கள். பாதுகாப்பு முறையில் நுழைந்து அந்தக் கோப்பை அழித்தால் தீர்ந்தது என்றார்கள். ஆனால் டிஸ்க் பூட்டப்பட்ட கணினிகளில் நுழையவே ஒவ்வொன்றுக்கும் அந்த 48 இலக்கங்கள் வேண்டியிருந்தன. அந்த நிறுவனங்களிடம் அதைத் தேடித் தரத் தொழில்நுட்பப் பிரிவு இருந்தது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்து சேர்ந்த குடும்பத்துக்கு அந்தப் பிரிவு, படிக்கிற பிள்ளைதான்.

கணினியை வீட்டுக்குள் கொண்டுவருவதில் இந்நாட்டு அரசு குறை வைக்கவில்லை. 2000-களின் தொடக்கத்தில் கணினி வாங்க ஊழியர் சேமநிதியில் கைவைக்க அனுமதித்தது. 2010-இல் வசதி குறைந்த குடும்பங்களுக்கு ஒரே மலேசியா நெட்புக் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து கற்றல் என்றானபோது மாணவர்களுக்குச் சாதனங்கள் வழங்கப்பட்டன, டெலிமா எனும் கற்றல் தளத்தில் கணக்குகளும் திறக்கப்பட்டன. பெட்டியைக் கொடுக்கும்போது படம் எடுத்தார்கள். கணக்கை யார் பெயரில் திறப்பது, சாவியை எங்கே வைப்பது என்பதைச் சொல்லிக்கொடுப்பது யார் வேலையாகவும் இருக்கவில்லை.

என் பரிந்துரை பழையபாணியானது. நிர்வாகி உரிமையுள்ள கணக்கு அப்பா அல்லது அம்மா பெயரில் இருக்கட்டும். பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு. அவசரத்துக்கு இன்னொரு நிர்வாகிக் கணக்கையும் அதே கணினியில் திறந்து வையுங்கள். ஒரு கணக்கின் கோப்பு கெட்டு உள்ளே விட மறுத்தால் மற்றதன் வழியாக நுழையலாம். பள்ளி கொடுத்த கணக்கு பள்ளி வேலைக்கு மட்டும். அது பிள்ளை பள்ளியை விட்டதும் போய்விடக் கூடியது. 48 இலக்கங்களை அச்சிட்டு, பிறப்புச் சான்றிதழும் மோட்டார் கிராண்டும் இருக்கும் அதே கோப்பில் போடுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் கைப்பேசியோடு அதுவும் தொலையும்.

பூட்டே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திருடு போன மடிக்கணினியில் வங்கித் தாளும் வருமான வரிக் கணக்கும் அடையாள அட்டைப் பிரதியும் திறந்து கிடப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுக்காமல் பூட்டுவதற்கு எந்த நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது. அச்சிட்டாயிற்று என்று ஒருவர் சொன்ன பிறகே பூட்டு விழ வேண்டும். அப்படி அமைப்பது ஒன்றும் முடியாத காரியமல்ல. பழுதுபார்க்கும் கடைகளும் தங்கள் இமெயிலில் வாடிக்கையாளர் கணக்கைத் திறக்கும் வழக்கத்தை விட வேண்டும். ஐந்து நிமிடம் மிச்சம் என்று செய்வது. பிறகு கடை மூடினால் அந்தக் குடும்பம் யாரைத் தேடும்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. கூடுதல் ஓராண்டு பாதுகாப்புக்குப் பதிந்துகொள்ள வேண்டுமானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும் என்றுதான் பொதுவாகக் கேட்கிறார்கள். ஆகப் பழைய கணினியை வைத்திருப்பவர்களும் இப்போது அவசரமாகக் கணக்குத் திறக்கிறார்கள், கையில் கிடைத்த எண்ணைக் கொடுத்து. புதியது வாங்கியவர்கள் அமைப்புகளில் ‘தனியுரிமையும் பாதுகாப்பும்’ என்ற பகுதிக்குள் போய்ச் சாதன மறைகுறியாக்கம் ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஓடுகிறது என்றிருந்தால், அடுத்த மழைக்கு முன்பே அந்த எண்ணை எடுத்து அச்சிட்டுவிடுவது உத்தமம்.