முத்துலட்சுமியின் ஏழு எழுத்துகள்

வலைச்செயலி ஒன்றின் பல படிவங்களில் ஒரே உள்ளீட்டுப் பெட்டியே மீண்டும் மீண்டும் பயன்படுகிறது. அதற்கான தானியங்கிச் சோதனைகளிலோ பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களே மாதிரிகளாக இடம்பெறுகின்றன. சோதனைகள் யாவும் பச்சை நிறம் காட்டும். ‘மறுபயன்பாட்டுக்கு உரியது’ என்ற முத்திரையும் கிடைத்துவிடும். அம்முத்திரை ஐயத்திற்குரியது.

பத்து எழுத்து வரம்புள்ள பெட்டியில் ‘முத்துலட்சுமி’ என்ற பெயரை உள்ளிட்டுப் பார்க்கலாம். படிப்பவருக்கு அது ஏழு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டோ உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணிப் பதின்மூன்று என்கிறது. ஹெச்டிஎம்எல்லின் மேக்ஸ்லெங்த் வரம்பும் அவ்வாறே எண்ணுவதால் பெயர் ‘முத்துலட்ச’ என்று நின்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. வெட்டு ஒரு புள்ளிக்கு முன் விழுந்தால் மெய்யெழுத்தே உயிர்மெய்யாகிவிடும். அது வெறும் சுருக்கமன்று, வேறொரு சொல்.

தேடல் பெட்டிக்கு வேறு சிக்கல். ‘கொ’ என்பதை யூனிகோடில் இருவகையாகக் குறியேற்றலாம். திரையில் இரண்டும் ஒன்றே; ஒப்பிட்டால் வெவ்வேறு. நார்மலைஸ் செய்த பின்னரே ஒப்பிட வேண்டும் என்பதை ஒரேயொரு தமிழ்ச் சோதனை உணர்த்திவிடும்.

இன்டில்.செக்மென்டர் எண்ணிக்கைச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது. ஆயினும் ‘க்ஷ’வை அது இரண்டாகப் பிரிக்கிறது, எழுதுவோர் பலருக்கோ அது ஓரெழுத்து. சோதனையில் எதிர்பார்க்கும் விடையாக எந்த எண்ணை எழுதுவது? நிரலர் மட்டும் முடிவுசெய்யக்கூடிய வினா அன்று இது. மொழியியல் துறைகள் இன்னும் இதைத் தம் வினாவாகக் கொண்டதாகத் தெரியவில்லை.