நாற்காலி போடாமல் என்ன பேச்சுவார்த்தை?

"எல்லாத்துக்கும் கேஸ் போட்டா எப்படி சார்? உட்கார்ந்து பேசினா அமைதி வராதா?"

வங்கியில் என் பக்கத்து கவுண்டர் நண்பர் சாப்பாட்டு நேரத்தில் இப்படிக் கேட்டார். நல்ல மனுசர். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. வாயில் சோறு இருந்தது. இங்கே சொல்கிறேன்.

குடிசை எரிந்தவனிடம்தான் "பேசு" என்கிறார்கள். எரித்தவனிடம் போய், "தீப்பெட்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி பேசியிருக்கலாமேப்பா" என்று எவனாவது கேட்டதுண்டா?

நான் பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு சாவு. பொதுப்பாதையில் பிணம் கொண்டு போகக் கூடாது என்று ஊர்க்காரர்கள் மறித்தார்கள். அடிதடி. மறுநாள் அரசு அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். அப்பாவோடு நானும் போனேன். அவர்களுக்கு நாற்காலி இருந்தது. எங்களைச் சுவர் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். என் வயதுப் பையன் ஒருத்தன் அப்பாவை "நீ வா, போ" என்றான். அதிகாரி காதில் அது விழவே இல்லை. கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். "இரு தரப்பினரும் பழைய வழக்கப்படி நடந்துகொள்வதாகச் சம்மதிக்கிறோம்." இரவுப் பள்ளியில் கற்ற எழுத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். பழைய வழக்கம் என்றால் என்ன? வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் பிணத்தைத் தூக்கிப் போவது. அதற்குத்தான் சம்மதம். அதற்குப் பெயர்தான் அமைதி.

இன்றைக்கு என் பிழைப்பே கையெழுத்தைச் சரிபார்ப்பது. மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று வங்கியில் எல்லோருக்கும் தெரியும். சமாதானக் கூட்டத்தில் மட்டும் அது செல்லும்!

"இரு தரப்பு" என்ற சொல்லே மோசடி. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைக்கிற சொல் அது. நாற்காலியில் சமம் கிடையாது, குற்றத்தில் மட்டும் சமமா?

சரி, சமமாகவே போய்ப் பேசினால்? 1957 இடைத்தேர்தலுக்குப் பிறகு முதுகுளத்தூர் வட்டாரத்தில் கலவரம். செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டம் கூட்டினார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக இம்மானுவேல் சேகரன் போனார். ராணுவத்தில் இருந்து வந்தவர். யாருக்கும் கீழே நின்று பேசுகிற ஆள் இல்லை. மறுநாள் இரவு பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். வயது 32. இன்றைய என் வயதை விடக் குறைவு. பேச வரவில்லை என்று அவரை யார் சொல்ல முடியும்?

அப்படியானால் பேச்சே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. மதுரை மாவட்டம் உத்தபுரத்தைப் பாருங்கள். 1989இல் கலவரம், பிறகு பேச்சு, பிறகு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தின் பெயரால் எழும்பியது தலித்துகளை அடைத்த சுவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1989இல்தான்! பத்தொன்பது வருசம் கழித்து, தீண்டாமை ஒழிப்பு முன்னணி போராடி, 2008 மே 6 அன்று அரசு நிர்வாகம் சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. உடனே சாதி இந்துக்கள் ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைக் காலி செய்து மலையடிவாரத்துக்குப் போனார்கள். பேசித் தீர்ப்பதைப் பற்றி நமக்குப் பாடம் எடுப்பவர்கள் அப்போது ஏன் பேசவில்லை?

அதே ஊரில் 2011இல் இன்னொரு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த நவம்பரில் தலித்துகள் முத்தாலம்மன் கோவிலுக்குள் நுழைந்தார்கள். அதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பிறகும் திருவிழாவை ஒட்டித் தகராறு வந்தது. ஆனாலும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஊர், ஒரே சாதிகள். முதல் தாள் சுவர் எழுப்பியது. இரண்டாவது தாள் கதவு திறந்தது. இடையில் என்ன நடந்தது? போராட்டம் நடந்தது, வழக்கு நடந்தது, சுவர் உடைந்தது. உடைந்த பிறகுதான் எதிரில் இருப்பவனுக்கு நம் குரல் காதில் விழுந்தது. ஆக, சமத்துவம் பேச்சின் முடிவில் கிடைக்கிற கூலி அல்ல. பேச்சு தொடங்குவதற்கே அதுதான் நிபந்தனை.

எனவே தோழர்களே, அடுத்த முறை நம்மைக் கூப்பிட்டால் இதைச் சொல்லிவிட்டுப் போவோம். முதலில் புகாரைப் பதிவு செய், பிறகு பேசு. கடமையைச் செய்யாத அதிகாரிக்கும் தண்டனை உண்டு என்று அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. எல்லோருக்கும் நாற்காலி போடு, இல்லையென்றால் எல்லோரும் நிற்போம். நம் பெண்களும் பேச்சில் இருக்க வேண்டும்; வாய்க்காலிலும் குழாயடியிலும் வசவு வாங்குவது அவர்கள்தான். எழுதியதை உரக்கப் படி, நகல் கொடு. "பழைய வழக்கம்" என்ற சொல் அதில் இருந்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். அப்பாவின் கையெழுத்தை நான் மறுபடி போட மாட்டேன்.

பக்கத்து கவுண்டர் நண்பருக்கும் ஒரு அழைப்பு. பேசலாம் சார். எங்க தெருவிலேயே பேசலாம். நாற்காலி நாங்க போடுறோம், டீயும் எங்க வீட்டு டம்ளர்லதான். உங்க ஊர்ப் பெரிய மனுசங்களையும் கூட்டிக்கிட்டு வருவீங்களா?