எட்டு வேகன் போதும்!



நம் தமிழ் மாணவர் மன்றத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இம்முறை ஒரு ரயில் மாதிரி வைப்பதென்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. நல்ல முடிவு. ஆனால் எத்தகைய மாதிரி என்பதில் இரண்டு கட்சிகள் தோன்றிவிட்டன. பெரிய மேசையின்மீது ஒரு ஜங்ஷன், அதில் வட்டமிட்டு ஓடும் நாலைந்து வண்டிகள், ஒரு மலை, ஒரு குகை, ஒரு பாலம் என்பது பெரும்பான்மைக் கட்சி. ஓர் இஞ்சின், எட்டு வேகன், மூன்று சைடிங், இரண்டு பாயிண்ட். இவ்வளவே போதும், ஆனால் அவை கையில் எடுத்துப் பார்க்கும்படி பெரிய அளவில் இருக்கட்டும் என்பது சிறுபான்மைக் கட்சி. அந்தச் சிறுபான்மைக் கட்சியில் இன்றுவரை உள்ள உறுப்பினன் நான் ஒருவனே! கட்சிக்கு ஆள் சேர்க்கவே இந்தக் கட்டுரை.

செயற்குழுவின் தீர்மானத்தில் இன்னொரு வரியும் உண்டு. அதைப் பலர் கவனிக்கவில்லை. கண்காட்சி முடிந்ததும் இந்த மாதிரியைப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார எல்லைக் கிராமங்களின் பள்ளிகளுக்கு எடுத்துச் சென்று காட்டவேண்டும் என்பதே அது. என் வாதம் முழுவதும் அந்த ஒரு வரியின்மேல்தான் நிற்கிறது.

நான் அந்த வட்டாரத்தில் வளர்ந்தவன். என் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக நாங்கள் வளர்ந்தது இப்படித்தான். எல்லை பிறந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே, 1979இல், திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ரயில் வந்தது. இன்று பாறசாலையை விட்டுத் தெற்கே புறப்படும் வண்டி சற்று நேரத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து குழித்துறை மேற்கு நிலையத்தை அடைகிறது.

ஆகவே, நண்பர்களே, அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓடும் ரயிலைக் காட்ட நாம் மேசை தூக்கிக்கொண்டு போகவேண்டியதில்லை. வேலியோரம் நின்றால் நாள்தோறும் பார்க்கலாம். அவர்கள் பார்க்க முடியாதது ஒன்று உண்டு. அதுதான் ஷண்டிங்.

முன்பெல்லாம் ஒரு சரக்கு வண்டியில் பல ஊர்களுக்கான வேகன்கள் கலந்து வரும். ஒரு நிலையத்தில் இரண்டைக் கழற்றி விடுவார்கள். இன்னொன்றில் மூன்றைச் சேர்ப்பார்கள். இஞ்சின் முன்னும் பின்னும் போய், சைடிங்கில் நிற்கும் வேகன்களைப் பிரித்துச் சேர்த்து, வேண்டிய வரிசையில் நிறுத்தும். 1980களில் இந்திய ரயில்வே ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்கும் முழு ரேக் முறைக்குப் பெரிதும் மாறியது. வண்டிகள் விரைந்தன, செலவும் குறைந்தது. மாறியது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேகன்களைப் பிரித்தடுக்கும் யார்டுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சிறு நிலையங்களில் அந்த வேலையே அருகிப்போயிற்று.

என் தாத்தா ஒரு கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். பாயிண்ட்ஸ்மேன் இரண்டு பஃபர்களுக்கு நடுவே குனிந்து கப்ளிங் மாட்டுவதை அவர் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாராம். "ஏலே, ஒத்த வேகன் வரிசை மாறி நின்னுதுன்னு வையி, அன்னைக்குப் பொழுதுக்கும் காத்துக் கெடக்கணும். மூட்டை எறங்குனாத்தான கூலி?" என்று சொல்வார். வேகன் எந்த வரிசையில் நிற்கிறது என்பது அவருக்குக் கணக்கு அன்று. அன்றிரவு அடுப்பு எரிவதா இல்லையா என்பது. வட்டமிட்டு ஓடும் வண்டியில் இந்த வாழ்க்கை தெரியுமா? தெரியாது. ஷண்டிங்கில் தெரியும்.

இனி விளையாட்டைச் சொல்கிறேன். இது என் கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் என்பவர் அமைத்தது. 'இங்கிள்நுக் சைடிங்' என்று பெயர். வட இங்கிலாந்தில் ஆல்னிக் - கார்ன்ஹில் கிளைப் பாதையிலிருந்த கில்ஹாம் என்ற சிறு சைடிங்கைப் பார்த்து அவர் இதை வகுத்தார். மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும். மற்ற இரண்டிலும் மும்மூன்று நிற்கும். இஞ்சின் முன்னும் பின்னும் போவதற்கான ஷண்டிங் நெக்கில் இஞ்சினும் மூன்று வேகனும் மட்டுமே அடங்கும். மொத்த வேகன் எட்டு. எட்டுச் சீட்டுகளைக் குலுக்கி ஐந்தை எடுக்கவேண்டும். எடுத்த வரிசைப்படியே அந்த ஐந்து வேகன்களையும் நீண்ட சைடிங்கில் நிறுத்தவேண்டும். இவ்வளவுதான் ஆட்டம்.

எளிது என்று நினைக்கிறீர்களா? முதல் வேகன் எட்டில் ஒன்று, அடுத்தது ஏழில் ஒன்று என்று பெருக்கிப் பாருங்கள். 8 × 7 × 6 × 5 × 4 = 6,720 வரிசைகள்! நாளுக்கு ஒன்றாக ஆடினாலும் பதினெட்டு ஆண்டுகளுக்கு அலுக்காது. சைமன் பிளாக்பர்ன் என்ற கணிதப் பேராசிரியர் இந்த ஆட்டத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வரிசை மாற்றக் கணக்கைக் கரும்பலகையில் கற்பிப்பதைவிட, எட்டு வேகனைக் கையில் கொடுத்துக் கற்பிப்பது நல்லதன்றோ?

அந்த வேகன்களில் உப்பு, அரிசி, சிமெண்டு, உரம், ஓடு, கயிறு, முந்திரி, சர்க்கரை என்று சரக்கின் பெயரைத் தமிழில் ஒரு பக்கமும் மலையாளத்தில் மறுபக்கமும் எழுதுவோம். சீட்டுகளிலும் அவ்வாறே. எங்கள் ஊரில் இரு மொழிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்கிறார்கள். ஒரே ஆட்டத்தையும் ஆடட்டும்.

"சரி, ஷண்டிங்கே இருக்கட்டும். அதற்குப் பெரிய அளவு எதற்கு? கடையில் கிடைக்கும் சிறிய அளவிலேயே செய்யலாமே" என்பார் உளர். நியாயமான கேள்வி. விடை சொல்கிறேன்.

உலகில் மிகப் பரவலாக விற்கும் மாதிரி ரயில், உண்மையில் 87இல் ஒரு பங்கு. நான் கேட்பது 43.5இல் ஒரு பங்கு, அதாவது சரியாக இரு மடங்கு. நீளம் இரு மடங்கானால் எடை எத்தனை மடங்கு? நீளம், அகலம், உயரம் மூன்றும் இரு மடங்காவதால் எடை எட்டு மடங்கு. இந்த எடைதான் ஷண்டிங்குக்கு உயிர். எடை குறைந்த வேகன் தண்டவாளத்தில் ஒரு தூசு இருந்தாலும் துள்ளும். கனமான வேகன் நிதானமாக உருளும். ஷண்டிங்கில் வேகம் கூடாது. உண்மை இஞ்சின் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கொண்டால், நம் அளவில் அது வினாடிக்கு மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அந்த நடையில் நடுங்காமல் நகரக் கனம் வேண்டும்.

இரண்டாவது காரணம் கை. இந்த அளவில் கொக்கியும் சங்கிலியுமாக உண்மையான கப்ளிங்கே செய்யலாம். ஒரு பிள்ளை சிறு கம்பியால் அதை மாட்டும், கழற்றும். மாட்டும்போதே இரு வேகனுக்கு இடையே எவ்வளவு சிறிய இடம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். அந்த இடத்தில்தான் ஒரு மனிதன் குனிந்து நின்றான் என்று நாம் சொல்லலாம். என் தாத்தாவுக்கு இப்போது கண்ணில் புரை. சிறிய வேகனை அவரிடம் கொடுத்தால் தீப்பெட்டி என்பார். ஏழு மீட்டர் வேகன் நம் அளவில் பதினாறு சென்டிமீட்டர். அதைத் தடவிப் பார்த்தே கதவு எது, பஃபர் எது என்று சொல்லிவிடுவார்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முதன்மையானது. கடையில் விற்கும் தண்டவாளம் நம் பாதையின் தண்டவாளம் அன்று. அது மேல்நாட்டு 1,435 மில்லிமீட்டர் பாதையை எண்ணிச் செய்யப்பட்டது. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். திருவனந்தபுரம் - கன்னியாகுமரிப் பாதை பிறந்த நாள் முதலே அகலப் பாதை. 43.5ஆல் வகுத்தால் நமக்கு வேண்டியது 38.5 மில்லிமீட்டர், கடையில் கிடைப்பதோ 32. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு! அதன்மேல் நம் வேகனை வைத்தால் ஒற்றைக் காலில் நிற்பதுபோல் இருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தண்டவாளத்தைத் தினமும் பார்ப்பவர்கள். 'இது நம்ம ஊர் ரயில் இல்லை' என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள்.

அப்படியானால் தண்டவாளத்தை நாமே போடவேண்டும். பாயிண்ட்டையும் நாமே செய்யவேண்டும். இஞ்சினுக்கும் வேகனுக்கும் அச்சை நாமே கடைந்து நீட்டவேண்டும். இருபது பாயிண்ட் கொண்ட ஜங்ஷனில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. இரண்டே பாயிண்ட் என்றால் முடியும். மாதிரி சிறியதாக இருப்பதால்தான் அதை உண்மையாகச் செய்ய முடிகிறது. என் கட்சியின் கொள்கை சுருங்கச் சொன்னால் இதுதான்.

இடத்துக்கு என்ன வழி? கணக்கைப் பாருங்கள். பத்து மீட்டர் நீள ஷண்டிங் இஞ்சின் நம் அளவில் 23 சென்டிமீட்டர். அதனோடு மூன்று வேகன் சேர்ந்தால் ஷண்டிங் நெக் 71 சென்டிமீட்டர். இரண்டு பாயிண்ட்டுக்கும் தலைக்கு 40 சென்டிமீட்டர். பிறகு மூன்று வேகன் சைடிங்குக்கு 48. உரசாமல் விலகி நிற்க இன்னும் கொஞ்சம். நீண்ட சைடிங் முதல் பாயிண்ட்டிலேயே பிரிந்துவிடுவதால் அதற்கும் இதே நீளம் போதும். மொத்தம் எட்டடிக்குள் அடங்குகிறது. அகலம் ஒன்றரை அடி. நாலடிப் பலகை இரண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தால் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எந்தப் பள்ளிக்கும் போகலாம். மின்சாரம் 12 வோல்ட். பிள்ளைகள் தொட்டால் அச்சமில்லை. பெரும்பான்மைக் கட்சியின் மேசையைப் பள்ளிக்கு எடுத்துச் செல்ல லாரி வேண்டும்; இறக்கிய பின் மலையையும் குகையையும் திரும்ப ஒட்டவேண்டும்!

எதிர்க்கட்சி நண்பர்கள் புனேயில் உள்ள ஜோஷி அவர்களின் சிறு ரயில் அருங்காட்சியகத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். 1998 முதல் மக்கள் கண்டு மகிழும் இடம் அது, நானும் போற்றுகிறேன். ஆனால் அது ஒரு மனிதர் தம் வாழ்நாள் ஆர்வத்தையெல்லாம் ஊற்றிச் செய்தது. நமக்கு இருப்பதோ ஒரு பருவத்தின் மாலை நேரங்கள். அதே உயரத்துக்குத் தாவினால் பாதி மலையும் ஓடாத வண்டியுமாகத்தான் கண்காட்சி நாள் விடியும்.

என் திட்டத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். கையால் செய்த பாயிண்ட்டில் வேகன் தடம் புரளலாம். தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு அலுப்பும் தட்டலாம்; வந்த நண்பர்கள் "இன்னும் ஓடவில்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போகலாம். இது பார்ப்பவருக்கான மாதிரி அன்று, ஆடுபவருக்கானது. ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளைகள்தான் ஆடமுடியும், மற்றவர் காத்திருக்கவேண்டும். ஆனால் காத்திருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? "அந்த உப்பு வேகனை முதலில் தள்ளு!" என்று சுற்றி நின்று கத்துவார்கள். அந்தக் கூச்சல் நம் கண்காட்சிக்கு வேண்டாமா?

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. அதற்குள் 38.5 மில்லிமீட்டரில் முதல் பாயிண்ட்டை நானே செய்து மன்ற அறையில் வைக்கிறேன். கனமான வேகன் ஒன்றும் பக்கத்தில் இருக்கும். வருகிற ஒவ்வொருவரும் தம் கையால் பாயிண்ட்டை மாற்றி, இரு வழியிலும் மும்முறை தள்ளிப் பாருங்கள். தடம் புரளாமல் போனால் என் கட்சிக்கு வாக்களியுங்கள். புரண்டால், உங்கள் ஜங்ஷனுக்கு வேண்டிய மலையை நானே கட்டித் தருகிறேன்!